விடியவில்லை என்று ஒரு தீர்மானம்

ஒரு காட்டில் ஒரு கோழி இருந்தாள். காடு என்றதும் சிங்கம் புலி என்று மனசை ஓடவிட வேண்டாம். நாலு வேலமரம், ஒரு குட்டை, ஒரு குப்பைமேடு, அவ்வளவுதான் காடு. கோழி பெயர் செம்பி. புருஷன் பெயர் கொண்டைராசு. பெயருக்கேற்ற கொண்டை. கொண்டைக்குக் கீழே என்ன இருந்தது என்று யாரும் திறந்து பார்த்ததில்லை.

செம்பிக்கு ஒரே கவலை, பருந்து. குப்பைமேட்டில் கிளறப் போகிற குஞ்சுகளை மேலேயிருந்து வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். அந்தத் தடவை பொரித்ததில் பாதிக்குமேல் போய்விட்டது. மிச்சம் மூன்று. மேட்டுக்குமேல் முள்ளால் ஒரு பந்தல் போட்டால் பருந்து இறங்காது. இது எறும்புக்குக்கூடத் தெரியும். பஞ்சாயத்துக்குத் தெரியவில்லை.

"பந்தலா? வானத்துச் சங்கதியெல்லாம் ஆம்பளைங்க பார்த்துக்குவோம். நீ போய் அடையில உக்காரு" என்று சொல்லிவிட்டார் பஞ்சாயத்தின் மூத்த உறுப்பினர், எருமைக்கடா. வானத்தை அவர் நிமிர்ந்து பார்த்ததே கிடையாது. கழுத்து வராது.

அப்படியிருக்கையில் பெரிய காட்டிலிருந்து ஒரு சட்டம் வந்தது. இந்தத் தடவை தலைவர் நாற்காலி பெண்ணுக்குத்தான். ஆண்களெல்லாம் குட்டைக்கரையில் கூடிக் கூச்சல் போட்டார்கள். எருமைக்கடா மட்டும் அசைபோட்டுக்கொண்டே சொன்னார்:

"இதுக்கேன்ப்பா இத்தனை பதட்டம்? நாற்காலி பெட்டைக்கு. பெட்டை யாருக்கு? நமக்கு. கணக்கு சரியாப் போச்சா?"

சரியாகப் போயிற்று. கொண்டைராசு செம்பியிடம் வந்தான். ஒருநாளும் இல்லாத திருநாளாக ஒரு புழுவைக் கொண்டுவந்து அவள் முன்னால் போட்டான்.

"ஏ புள்ள, நீ நிக்கோணும். ஜெயிச்சதும் மொத வேலை உன்ற பந்தல்தான்."

"நெசமாங்க?"

"எங்கொண்டை மேல சத்தியம்."

மூன்று குஞ்சுகளையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் செம்பி சரி என்றாள். மரத்துக்கு மரம் தேக்கிலையில் படம் ஒட்டினார்கள். இலை முழுக்கக் கொண்டைராசு. மூலையில், உற்றுப் பார்த்தால், செம்பியின் ஒரு கால்.

ஜெயித்தாள். மாலை அவனுக்குப் போட்டார்கள். மாலை கழுத்துக்குப் பெரிது என்றார்கள், அவள் கழுத்துக்கு.

மறுநாளிலிருந்து நாற்காலியில் கொண்டைராசு. "தலைவரே, தலைவரே" என்று காடே கூப்பிட்டது. செம்பிக்கும் வேலை இல்லாமல் இல்லை. எந்த உத்தரவானாலும் தலைவியின் காலடி அதில் விழவேண்டும் என்பது சட்டம். எழுத்தர் கீரி இலையையும் கரிச்சேற்றையும் எடுத்துக்கொண்டு கூட்டுக்கே வருவான். அவள் காலைத் தோய்த்து வைப்பாள். அத்தோடு சரி.

"இது பந்தலுக்குங்களா?" என்று முதல் இலைக்கே கேட்டாள்.

"அதுக்கேதாங்க அம்மா. வைங்க, சேறு காயுது."

வைத்தாள். குப்பைமேட்டில் ஒரு முள்ளும் விழவில்லை. குட்டைக்கரையில் மூங்கில் மூங்கிலாக ஏறி, வேலமரத்தைவிட உயரமாக ஒரு மேடை எழும்பியது. கூவுமேடையாம்.

"ஏனுங்க, பந்தல் எங்கீங்க?"

"காடு முன்னேறணும்னா கூவறவன் ஒசரத்துல நிக்கோணும். பந்தல் அடுத்த கூட்டத்துல வரும்."

"சரிங்க, அந்த மேடைக்கு மேலயாச்சும் நாலு முள்ளப் போடுங்க. வானத்தைப் பார்த்துத் திறந்து கிடக்குது. பருந்து..."

"முள்ளப் போட்டா எங்கொண்டை எப்படித் தெரியும்? உனக்கு ஒண்ணும் தெரியாது, போ."

இந்தச் சமயத்தில் பட்டணத்துக் காட்டிலிருந்து ஆந்தையார் வந்து சேர்ந்தார். சமூக ஆராய்ச்சி. பெண் தலைமை எப்படி நடக்கிறது என்று ஆராய வந்தவர், பெண் தலைவியின் புருஷனுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார்.

"வீட்டில் முடிவெடுப்பது யார்?"

"அவதானுங்க. நான் வாயே தொறக்க மாட்டேன்" என்றான் கொண்டைராசு, வாயை மூடாமல்.

"தலைவி ஆனபிறகு அவர்களுக்குத் தன்னம்பிக்கை கூடியிருக்கிறதா?"

"ஏகத்துக்குங்க. ஏ புள்ள, ஐயாவுக்குக் குடிக்க என்னமாச்சும் கொண்டா!"

செம்பி சிரட்டையில் தண்ணி கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு, "ஐயா, ஒரு பந்தல்..." என்று ஆரம்பித்தாள்.

"உபசரிப்பில் பங்கேற்பு, நன்று" என்று குறித்துக்கொண்டார் ஆந்தையார்.

மேடைத் திறப்பு விழா நடந்தது. ஈசல் வறுத்துப் போட்டார்கள். கொண்டைராசு ஊருக்கு வைத்ததில் பாதியைத் தானே தின்று, தொண்டை கட்டி, இறங்கமாட்டாமல் மேடையிலேயே சாய்ந்துவிட்டான்.

விடிந்தது. கூவல் இல்லை.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. கூவல் கேட்டால்தான் கண் திறப்பார்கள். கரிச்சான் குருவிகள் கூவலைக் கேட்டு எழுந்து மேலே பறக்கும். அதுகளைக் கண்டால் பருந்து அடுத்த காட்டுக்கே போய்விடும். இன்றைக்குக் கூவல் இல்லாததால் கரிச்சான்கள் தூங்குகின்றன. வெயில் குப்பைமேட்டில் இறங்கிவிட்டது. குஞ்சுகள் கிளறப் போய்விட்டன. வானத்தில் ஒரு புள்ளி வட்டமிட்டது.

செம்பி என்ன செய்வாள்? மேட்டில் ஏறிக் கழுத்தை நீட்டினாள். கொக்கரிப்பாகத்தான் தொடங்கியது. நடுவில் எங்கேயோ அது கூவலாக மாறி, காட்டின் அந்தக் கோடிவரை போய் முட்டித் திரும்பி வந்தது. அவளுக்கே ஒரு நிமிஷம் மேலெல்லாம் சிலிர்த்தது.

கரிச்சான்கள் எழுந்தன. புள்ளி விலகியது. குஞ்சுகள் பிழைத்தன.

நன்றி சொல்ல வந்தார்களா? வந்தார்கள், சண்டைக்கு.

"எவ அவ கூவினது?" என்றார் எருமைக்கடா. "பெட்டைக்கோழி கூவிப் பொழுது விடியுமா?"

"விடிஞ்சிருச்சுங்களே, மாமா" என்றாள் செம்பி.

"ஏ அம்மிணி, வாயை மூடு" என்று பக்கத்துக் கொல்லை வெள்ளாட்டம்மா காதைக் கடித்தாள். "கூவுற பெட்டைய வீட்டுல வைக்கமாட்டாங்க. கழுத்தைத் திருகிப்போடுவாங்க. எங்காலத்துல நாங்க கத்தலையா? ம்மேன்னு அடக்கமா."

அவசரக் கூட்டம் கூடியது. வெயிலில் நின்றுகொண்டு, விடிந்ததா இல்லையா என்று பேசினார்கள். தீராமல் ஆந்தையாரிடம் கேட்டார்கள்.

ஆந்தையார் கண்ணைச் சுருக்கினார். "விடியல் என்பது சூரியன் சம்பந்தப்பட்டது என்று படிக்காதவர்கள் நினைப்பார்கள். அது சமூகம் ஒப்புக்கொள்கிற ஏற்பாடு. சமூகம் ஒப்பவில்லை என்றால் விடியவில்லை. அதுவுமன்றி, எனக்கு ஒன்றும் கண் தெரியவில்லை. ஆகவே இருட்டுத்தான்."

தீர்மானம் நிறைவேறியது. இன்னும் விடியவில்லை. முறையான கூவல் வரும்வரை எல்லோரும் கண்ணை மூடிப் படுக்கவேண்டும். கரிச்சான்களுக்கும் சேர்த்துத்தான்.

கீரி இலையோடு வந்தான். "தலைவி காலு வேணுமுங்க."

"நான் கூவினது கூவலில்லைன்னு நானே காலு வைக்கோணுமா?"

"சட்டமுங்க. பொம்பளைங்க கையிலதானுங்களே அதிகாரம்!"

"பந்தல்?"

"இருட்டுல எப்படிங்க அம்மா பந்தல் போடறது? விடியட்டும்."

எருமைக்கடா அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அளவுக்கு மட்டும் அவருக்குக் கழுத்து வந்தது. செம்பி காலை வைத்தாள். வைத்த காலோடு ஓடிப்போய்க் குஞ்சுகளை இறக்கைக்குள் வாரிக்கொண்டு வேலமர வேருக்கடியில் புகுந்துகொண்டாள். போகிறபோக்கில் மேடையைப் பார்த்து, "ஏனுங்க! இறங்கி வாங்க! வெளிச்சமாக் கிடக்குதுங்க!" என்று கத்தினாள்.

"தீர்மானம் தெரியாதா? ராத்திரியில கத்தாதே" என்று மேலிருந்து கரகரத்த குரல் வந்தது.

காடு முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டது. பருந்து கூட்டத்துக்கு வரவில்லை. அதற்குத் தீர்மானம் தெரியாது. மெதுவாக வந்தது. குப்பைமேட்டைப் பார்த்தது, காலி. வேரடியைப் பார்த்தது, இடுக்கு. அப்புறம் பார்த்தது, தாம்பாளத்தில் எடுத்து வைத்த மாதிரி, உயரத்தில், மறைப்பே இல்லாமல், சிவப்பாக ஒரு கொண்டை.

கட்டின தொண்டை அப்போதுதான் திறந்தது. மேலே போகப் போக ஒரு கூவல், கிழிந்து கிழிந்து, மேகத்துக்குள் போய் மறைந்தது.

"ஆ, இப்பத்தான் விடிஞ்சுது!" என்று எல்லோரும் எழுந்து சோம்பல் முறித்தார்கள்.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் செம்பி அழுதுகொண்டே மறுபடி பந்தலைப் பற்றிக் கேட்டாள். எருமைக்கடாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "தலைவர் போன துக்கத்துல உனக்குப் பந்தல் கேக்குதா?"

செம்பி அழுகையை நிறுத்தினாள். கொஞ்சநேரம் தரையைக் கிளறினாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, அடக்கமான குரலில் சொன்னாள்:

"பந்தல் வேண்டாமுங்க, மாமா. அவருக்கு ஒரு நினைவு மண்டபம் கட்டலாமுங்க. குப்பைமேடுன்னா அவருக்கு உசுரு. அதும்மேல கட்டலாம். அவரு வீரத்துக்குத் தக்கனயா, முள்ளாலயே."

ஒருவரும் மறுக்கவில்லை. ஆந்தையார் கண்ணீர் விட்டார். பொழுது சாய்வதற்குள் வேலமுள் வந்து இறங்கியது. 'வானேறிய வீரர் கொண்டைராசு நினைவு முள்மண்டபம்' எழும்பியது. அன்றுமுதல் பருந்து மேலே வட்டமிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறது.

இனி நாற்காலி காலிதானே. செம்பி காலைக் கழுவிக்கொண்டு பஞ்சாயத்துக்குப் போனாள்.

"என்னம்மா இந்தப் பக்கம்?" என்றார் எருமைக்கடா.

"தலைவி நானுங்களே."

"யாரு இல்லேங்கிறா? ஆனா தலைவிக்கு ஒரு ஆளு வேணுமில்ல?"

நாற்காலியில் ஆளை ஏற்கெனவே உட்கார்த்திவிட்டார்கள். அவளுடைய மூன்று குஞ்சுகளில் ஆண்குஞ்சு. கொண்டை இன்னும் முளைக்கவில்லை. அந்த இடத்தில் ஒரு செம்பருத்தி இதழை ஒட்டியிருந்தார்கள். வழுக்கி விழாமல் கீரி பிடித்துக்கொண்டிருந்தான்.

"கண்ணு, இறங்குடா" என்றாள் செம்பி.

குஞ்சு கீச்சுக்குரலில் சொன்னது: "பேசிட்டிருக்கோமில்ல? நீ உள்ள போம்மா. காலு வேணும்னா சொல்லி அனுப்பறேன்."

செம்பி திரும்பி வந்தாள். முள்மண்டபத்து நிழலில் பெட்டைக்குஞ்சுகள் இரண்டும் கிளறிக்கொண்டிருந்தன. அதிலொன்று கழுத்தை நீட்டி, அம்மா அன்று கூவிய மாதிரி கூவிப் பார்த்தது. செம்பி சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"மெதுவா" என்றாள்.

நீதி: பெட்டை கூவினாலும் பொழுது விடியும். ஆனால் விடிந்ததாகத் தீர்மானம் போட ஒரு சேவல் வேண்டும். செத்த சேவலாக இருந்தால் வேலை சீக்கிரம் முடியும்.