கறுத்துப் போன பில்லும் கடைசி நம்பரும்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ‘தெரியாது’ என்ற சொல் என் வாயில் வராது. மூன்றாம் வகுப்புப் பாதியில் நின்றவள் நான். பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும். அடுத்த பஸ்ஸுக்குக் காத்து நிற்பேனே தவிர, பக்கத்தில் இருப்பவரிடம் கேட்க மாட்டேன். (கேட்டால் கௌரவம் குறைந்துவிடுமாம். பெரிய கௌரவம்!)

அந்தக் கௌரவம் கள்ளக்குறிச்சியில் ஒரு மிக்சி கடைக்குள், பத்து இருபது பேர் பார்க்கக் கப்பலேறியது.

என் சின்ன மகள் செல்வி சங்கராபுரத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவர்கள் புது வீடு கட்டினார்கள். தாய்வீட்டுச் சீராக மிக்சி தருவதென்று முடிவு செய்து, வடக்கனந்தலிலிருந்து நானே பஸ் ஏறிப் போய் வாங்கினேன். மகன் துணைக்கு வருகிறேன் என்றான். “நீ வந்து இன்னா செய்யப் போற?” என்று கேட்டு அவனை வீட்டிலேயே விட்டுவிட்டேன்.

அப்போது எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் ஜாஸ்தி. காரணம், அதற்கு முந்தின வாரம் எங்கள் மகளிர் குழுக் கூட்டத்தில் ஒரு மேடம் வந்து நுகர்வோர் உரிமை பற்றிப் பேசியிருந்தார். ஓடாத பொருளைக் கொடுத்தால் கடைக்காரர் சரி செய்து தர வேண்டும். முடியாவிட்டால் மாற்றித் தர வேண்டும். அதுவும் முடியாவிட்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று எழுதி மாட்டிவைத்தால் ஆயிற்றா? அது செல்லாது. பில்லை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று மூன்று முறை சொன்னார்.

பத்திரம் என்றால் எங்கள் வீட்டில் ஒரே அர்த்தம்தான்: லேமினேஷன். ரேஷன் கார்டு, ஆதார், பட்டா நகல், செத்துப்போன என் வீட்டுக்காரரின் படம் எல்லாமே பிளாஸ்டிக்குக்குள் பளபளவென்று இருக்கும். மிக்சி வாங்கிய கையோடு பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பில்லை நீட்டினேன். அங்கிருந்த பெண் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, “அம்மா, இந்தப் பேப்பரைச் சூட்டுல வுட்டா...” என்று என்னவோ ஆரம்பித்தாள்.

“எனக்குத் தெரியும். நீ போடும்மா.”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போட்டாள். பழுப்புக் கவரில் வைத்துக் கொடுத்தாள். பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. கவரைப் பிரித்துப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

கிரகப் பிரவேசத்தன்று, இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி அரைக்க என் மிக்சியைத்தான் முதலில் எடுத்தார்கள். குங்குமம் வைத்து, சுவிட்சைப் போட்டாள் செல்வி. ஒரு உறுமல், ஒரு இருமல், அவ்வளவுதான். அடியிலிருந்து புகை கிளம்பியது. என் சம்பந்தி அம்மா (மருமகனின் தாயார், கம்மியாகப் பேசுவார், ஆனால் ஒவ்வொரு சொல்லும் தைக்கும்) எட்டிப் பார்த்தார்.

“ஓமப்புகை போதலன்னு உங்க அம்மா வூட்டு மிக்சியும் புகை போடுது பாரு செல்வி. பரவால்ல வுடு, நம்ம பழைய மிக்சி இருக்குது.”

அந்தப் ‘பரவால்ல’தான் என்னைக் கொன்றது. எல்லாச் சொந்தமும் பார்க்க எழுந்து நின்றேன்.

“நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள புதுசு வந்துரும் சம்பந்தி. நான் போய் ஒரு வார்த்த சொன்னாப் போதும், கடைக்காரரு எழுந்து நின்னு குடுப்பாரு!”

அன்றே ஊருக்குத் திரும்பி, மறுநாள் காலையிலேயே பில் கவரோடு மிக்சிப் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். முதலாளி பெட்டியைப் பார்த்ததுமே, “வாங்க ஆயா, கம்பெனி சர்வீசுக்கு அனுப்பிப் பாக்கலாம், ஒரு மாசம் ஆவும்” என்றார்.

ஆயாவாம்! எனக்குச் சுர்ரென்றது. மேடம் சொன்ன மொத்தத்தையும் அவர் தலையில் கொட்டினேன். கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெண்மணி, “அந்தம்மா சொல்றது நாயந்தானே” என்று கூடச் சொன்னார். எனக்கு இன்னும் ஏறிவிட்டது.

“சரிங்கம்மா, பில்லு எடுத்தாந்தீங்களா?”

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். கவரிலிருந்து உருவி, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்தேன்.

“படிச்சிப் பாருங்க! நல்லா சத்தமாப் படிங்க, எல்லாரும் கேக்கட்டும்!”

முதலாளி வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இன்னாம்மா இது, அமாவாசைக்கு லேமினேஷன் போட்டு எடுத்தாந்துக்கிறீங்க?”

அப்போதுதான் பார்த்தேன். பில் முழுக்கக் கரி. ஒரு எழுத்து இல்லை. சூடு பட்டதும் அந்தக் காகிதம் கறுத்துவிடுமாம். இதைத்தான் அந்த ஜெராக்ஸ் கடைப் பெண் சொல்ல வந்திருக்கிறாள். என் வாழ்க்கையில் முதல் முறையாக, படித்தவர்களும் நானும் ஒரே அளவுக்குப் படிக்க முடிந்த காகிதம் அது.

கடை சிரித்தது. ‘நாயந்தானே’ என்ற பெண்மணி எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தார். அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். மானம் போனால் போகட்டும், மிக்சி இல்லாமல் செல்வி வீட்டுக்கு எப்படிப் போவேன்?

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் மட்டும் இரக்கப்பட்டாள். “போன் நம்பர் சொல்லுங்கம்மா, பில்லு இதுலயே இருக்கும்.”

என் போன் நம்பர் எனக்குத் தெரியாது. வாங்கிய அன்றும் இதே கேள்வியைக் கேட்டாள். தெரியாது என்று சொல்வேனா? சுருக்குப்பையில், அவசரத்துக்குப் பேச என்று மருமகன் எழுதிக் கொடுத்த ஒரு சீட்டு இருந்தது. அதிலிருந்த நம்பரை என் நம்பர் மாதிரியே காட்டிவிட்டேன். அதே சீட்டை இப்போதும் காட்டினேன். அவள் தட்டினாள். “வந்துருச்சு!” என்றாள். மிக்சி, தேதி எல்லாம் திரையில் இருந்தது. முதலாளியும் இறங்கி வந்தார்.

“சரி, மாத்திக் குடுத்துடறேன். உங்க போனுக்கு இப்ப ஒரு ஓடிபி வந்துருக்கும், அதச் சொல்லுங்க.”

என் போனுக்கு எங்கே வரும்? அந்தச் சீட்டில் இருந்தது சம்பந்தி அம்மாவின் நம்பர்.

நான் விழிப்பதைப் பார்த்துவிட்டு, முதலாளியே அந்த நம்பரைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். “அம்மா, கள்ளக்குறிச்சி மிக்சி கடைலருந்து பேசறோம். ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க.”

“அடப்பாவி! எங்கிட்டயேவா ஓடிபி கேக்கற? இருடா, போலீசுக்குப் போன் போடறேன்!”

வேறு வழியில்லை. “சம்பந்தி... நாந்தான்” என்றேன்.

நடந்தது முழுவதையும் சொன்னேன், பில் உட்பட. கடை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.

“எழுந்து நின்னு குடுப்பாருன்னீங்களே?”

“அவரு நின்னுக்கினுதான் இருக்கறாரு சம்பந்தி. நாந்தான் ஒக்காந்துக்கினு இருக்கறேன்.”

அந்தப் பக்கம் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டு அடங்கியது. “எங்க சம்பந்தியை எவ்ளோ நேரமா ஒக்கார வெச்சிக்கிறீங்க?” என்று அவர் முதலாளியைப் பிடித்துக்கொண்டார். “பில்லு இல்லன்னா வித்தது இல்லன்னு ஆயிடுமா? எழுதிக்கோங்க. அஞ்சு... ரெண்டு... ஒம்பது...”

“இன்னும் ஒண்ணும்மா.”

“அது இப்ப கெடையாது. புதுசப் பிரிச்சி, தண்ணி ஊத்தி ஓட்டுங்க. எனக்கு இங்க சத்தம் கேக்கணும். அப்பறந்தான் கடைசி நம்பரு.”

முதலாளி ஒரு கையால் ஜாரை அமுக்கிக்கொண்டு, மறு கையால் போனை மிக்சி பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றார். மிக்சி ஓடியது. “மூணு ஸ்பீடுலயும் வெச்சி ஓட்டுங்க” என்றது போன். மூன்றிலும் ஓடியது. அப்புறம்தான் கடைசி நம்பர் வந்தது.

பொழுது சாய்வதற்குள் புது மிக்சியோடு சங்கராபுரம் போய்ச் சேர்ந்தேன். சம்பந்தி வாசலில் நின்றிருந்தார். காபி கொடுத்தார். எனக்கு அதுதான் இன்னும் வெட்கமாக இருந்தது.

கடைக் கம்ப்யூட்டரில் என் பெயருக்கு நேராக அவர் நம்பர்தான் இன்னும் இருக்கிறது. ஆடித் தள்ளுபடி, தீபாவளித் தள்ளுபடி என்று கடை அனுப்பும் மெசேஜ் எல்லாம் அவருக்குத்தான் போகும். உடனே எனக்குப் போன் போடுவார்: “சம்பந்தி, உங்க கடைக்காரரு கூப்படறாரு. போலாமா? நான் பேசறேன், நீங்க ஒக்காருங்க.” வீட்டில் ஸ்பீக்கரில் போட்டு, பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரிப்பார்கள். நம்பரை மாற்றிவிடலாம் என்றான் மகன். வேண்டாம் என்றேன்.

போன மாதம் இருவருமாகப் போய் ஒரு டேபிள் ஃபேன் வாங்கினோம். அவர் பேசினார். நான் உட்கார்ந்தேன்.