பேரில்லாத பட்டன்

பார்வையற்றவர்களுக்கு நன்மை செய்யக் கிளம்பி, அவர்களில் ஒருவரிடமே கையும் களவுமாகப் பிடிபட்ட பெருமை எனக்கு உண்டு.

மட்டாஞ்சேரியிலேயே பிறந்து வளர்ந்த தமிழன் நான். எர்ணாகுளத்தில் ஒரு அரசு அலுவலகத்தின் இணையதளத்தைப் பார்வையற்றவர்களும் பயன்படுத்தும்படி மாற்றித் தருவது என் ஒப்பந்த வேலை. டைரக்டருக்குத் திருப்தியானால்தான் ஒப்பந்தம் நீளும். தளத்தில் நூற்றுச் சொச்சம் விழாப் படங்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு குறிப்பு எழுத வேண்டும். பார்வையற்றவரின் கணினி அதை வாசித்துச் சொல்லும். படத்தில் யார் யார் என்று தெரியாததால், அப்போதைய அடையாளத்துக்குத் தமிழில் கிறுக்கி வைத்தேன். (அலுவலகம் முழுக்க மலையாளம், யாருக்குப் புரியப்போகிறது?) பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்தேன். மாற்றவில்லை.

சோதித்துப் பார்க்க ஒரு பார்வையற்றவர் வேண்டும் என்றார்கள். எங்களோடு இருக்கும் மச்சினன் ரமணியைச் சிபாரிசு செய்தேன். (நம்ம பையன், கண்டும் காணாமல் விட்டுவிடுவான் என்று கணக்குப் போட்ட மகா புத்திசாலி நான்.)

டைரக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ரமணியின் லேப்டாப்பிலிருந்து ஒரு பெண்குரல், செய்தி வாசிப்பது போல, தெளிவான தமிழில் சொன்னது: “குத்துவிளக்கு. பக்கத்தில் கழுத்தில்லாத ஆள். அடுத்த படம். அதே கழுத்தில்லாத ஆள், வடை தின்கிறார்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. தப்பித்தேன் என்று நினைத்தேன். டைரக்டர் சட்டைக் காலரை மெல்லச் சரிசெய்துகொண்டார்.

“அது வடை இல்லை, பழம்பொரியாக்கும்,” என்றார், அசல் பாலக்காட்டுத் தமிழில்.

ரமணிதான் வாயைத் திறந்தான்.

“அத்திம்பேரைக் குத்தம் சொல்லப்படாது சார். மத்த சர்க்கார் சைட்டெல்லாம் வெறுமனே ‘படம், படம்’னுதான் சொல்லும். இதுல ஆளெல்லாம் நன்னா தெரியறா.” நான் மூச்சு விட்டேன். “அப்ளிகேஷன் அனுப்பற எடம்தான் காணல்லை.”

விசையைத் தட்டினான். “பட்டன்,” என்றது குரல். இன்னொரு தட்டு. “பட்டன்.” மறுபடியும், “பட்டன்.”

எது எதற்கென்று ஒரு பட்டனுக்கும் நான் பெயர் வைக்கவில்லை. அது உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் பக்கம். அந்த விண்ணப்பத்துக்காகவே ரமணி மூன்று முறை படகேறி இந்த அலுவலகத்துக்கு வந்து திரும்பியிருக்கிறான். வடைக்கு வராத வெட்கம் எனக்கு அப்போது வந்தது.

ஒப்பந்தம் நீண்டது, ஒரு நிபந்தனையோடு. திரையை அணைத்துவிட்டு, காதால் மட்டும் கேட்டு, ரமணி தலையாட்டும்வரை நான் எல்லாவற்றையும் திருத்த வேண்டும். ஒரு மாதம் அவன் தலை அசையவே இல்லை.

இப்போது வீட்டில் யார் படம் எடுத்தாலும், “யாரெல்லாம் இருக்கா?” என்று ரமணி கேட்பான். என் மனைவி வரிசையாகச் சொல்வாள்:

“அம்மா, நான், குழந்தை. ஓரத்துல ஒரு பட்டன்.”