ராஜினாமா வாங்கப் போய்த் தாய்மாமன் ஆன விவரம்

பொம்மனஹள்ளி,
பெங்களூர்.
செப்டம்பர் 1999

பெருமதிப்பிற்கும் பேரன்பிற்கும் உரிய ஜெயராமன் மாமா அவர்களின் பாதங்களில் தங்கை மகன் பாலகுமார் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, எழுந்து, எழுதிக்கொள்வது. இங்கு நானும் நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்கார அம்மாளும் அவர்களுடைய நாயும் சௌக்கியம். அங்கு தாங்களும் அத்தையும் சௌக்கியமா? தங்கள் சர்க்கரை சொன்ன பேச்சைக் கேட்கிறதா?

தாங்கள் சிபாரிசு செய்து வாங்கிக் கொடுத்த வேலையில் நான் வெகு திருப்தியாக இருப்பதாகப் போன மாதம் எழுதியிருந்தேன். அதில் ஒரு சிறு திருத்தம். குடியாத்தத்தில் வேறு ஏதாவது வேலை இருந்தால் உடனே தெரியப்படுத்தவும். அரிசி மண்டி, கல்யாண மண்டபம், எதுவானாலும் சரி. சம்பளத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. இதைப் படித்ததும் தாங்கள் எழுந்து நின்றிருப்பீர்கள். உட்காரவும். முழுக்கப் படித்துவிட்டுத் திட்டவும்.

தங்கள் பால்ய சிநேகிதர் ஓஸ்வால்ட் சாருடைய சட்டை ஃபாக்டரியில் நான் பெர்சனல் ஆபீசர் என்று தாங்கள் ஊர் முழுக்கச் சொல்லியிருப்பதாக அம்மா எழுதினாள். ஆபீசர்தான். ஆனால் அந்த ஆபீசருக்கு என்ன வேலை என்பது சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. இந்த ஃபாக்டரியில் ஒரு பழக்கம். எந்தப் பெண்ணுக்காவது வயிறு தெரிய ஆரம்பித்தால், அவளே விருப்பப்பட்டு வேலையை விட்டுவிடுவாள். அவளை விருப்பப்பட வைப்பது பெர்சனல் ஆபீசர். அதனால் பெண்கள் ஏப்ரனை லூசாகக் கட்டிக்கொண்டு, மசக்கை வாந்திக்குக் கேன்டீன் சாம்பார்மேல் பழியைப் போட்டுக்கொண்டு, முடிகிற வரைக்கும் மறைப்பார்கள். கேன்டீன்காரர் பாவம், பருப்பு மாற்றிப் பார்த்தார், புளி மாற்றிப் பார்த்தார், கடைசியில் ஆளையே மாற்றிப் பார்த்தார். வாந்தி நிற்கவில்லை.

இப்படி மறைத்து வந்தவர்களில் லாவண்யா என்று ஒரு பெண். காலர் தைக்கிறவள், கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரி, புருஷன் ஷங்கர் ஆட்டோ ஓட்டுகிறான். ஏழாம் மாதத்தில் சூப்பர்வைசர் கண்ணில் பட்டுவிட்டாள். ஓஸ்வால்ட் சார் என்னைக் கூப்பிட்டு, அவளிடம் ராஜினாமா வாங்கி வா என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். படித்தவன் என்று காட்டிக்கொள்ள வேண்டுமே, சட்டப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். சார், பிரசவ லீவு அவளுக்குச் சட்டப்படி உண்டு, அந்த லீவில் இருக்கும்போது வேலையை விட்டு எடுக்கக் கூடாது, லீவுச் சம்பளம்கூட நாம் தர வேண்டியதில்லை, மாசாமாசம் பிடிக்கிறோமே அந்த ஈ.எஸ்.ஐ.யிலிருந்து வந்துவிடும், அவள் மிஷினை மட்டும் அவளுக்காக வைத்திருந்தால் போதும் என்று விலாவாரியாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் எனக்கும் தெரியும் பாலு. அதனாலதான் அவளே எழுதிக் கொடுக்கணும்" என்றார். ஷிப்மென்ட் நேரத்தில் காலர் வைக்க ஆள் இல்லாமல் மிஷினைக் காலியாக வைத்துக்கொண்டு அவர் என்ன பூஜையா பண்ணுவார் என்றும் கேட்டார். இந்த இடத்தில் தாங்கள் எழுதிய கடிதம் ஞாபகத்துக்கு வந்தது. முதலாளி சொல்றதைச் செய், அதிகப்பிரசங்கித்தனம் பண்ணாதே என்று எழுதியிருந்தீர்களே, அந்தக் கடிதம். சரி என்று தலையை ஆட்டிவிட்டேன்.

ராஜினாமாவை நானே எழுதினேன் மாமா. என் கையெழுத்து முத்து முத்தா இருக்கும்னு உங்களுக்குத் தெரியும். 'குடும்ப நிமித்தமாக நானாகவே பணியிலிருந்து விலகிக்கொள்கிறேன்'னு ஜம்முனு எழுதி, அவ பேர் போடற இடத்தை மட்டும் விட்டுட்டு, பாக்கெட்ல வெச்சுக்கிட்டு ஞாயித்துக்கிழமை அவ வீட்டுக்குக் கிளம்பினேன். அங்கதான் நம்ம குடும்ப புத்தி வேலையைக் காட்டிச்சு. ஒருத்தர் வீட்டுக்கு வெறுங்கையோட போறதான்னு மடிவாளா மார்க்கெட்ல இறங்கினேன். பழம் வாங்கினேன், பூ வாங்கினேன். பூக்காரம்மா யார் வீட்டுக்குன்னு கேட்டாங்க. மாசமா இருக்கிற பொண்ணு வீட்டுக்குன்னேன். எத்தனையாவது மாசம்னாங்க. ஏழுன்னேன். அந்தம்மா வேற ஒண்ணும் கேக்கலை, பக்கத்துக் கடையில கண்ணாடி வளையல் வாங்கி, மஞ்சள் குங்குமத்தோட ஒரு தாம்பாளத்துல அடுக்கி, தாம்பாளத்தை நாளைக்குத் திருப்பிக் கொடுங்கன்னு என் கையில வெச்சுட்டாங்க. சில்லறை வாங்கிட்டு நானும் நடந்துட்டேன். எதுக்குன்னு கேக்கத் தோணலை மாமா. எனக்குக் கல்யாணம் ஆகலை, இதெல்லாம் எனக்கு என்ன தெரியும்?

சந்து திரும்பினா, அவ வீட்டு வாசல்ல ஷாமியானா. உள்ள நம்ம காலர் லைன் பொண்ணுங்க அத்தனை பேரும் பட்டுப்புடவையில உக்காந்திருக்காங்க. அன்னைக்கு லாவண்யாவுக்கு வளைகாப்பு. என்னைப் பார்த்ததும் ரெண்டு பொண்ணுங்க முந்தானையை இழுத்து வயித்தை மூடிக்கிட்டாங்க. நான் திரும்பிடலாம்னுதான் பார்த்தேன். ஆனா வாசல்லயே லாவண்யாவோட அம்மா ரத்தினம்மாள் கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னாங்க. பொறந்த வீட்டு வளையலை அண்ணன்காரன் கொண்டு வரணும், அதைத்தான் முதல்ல போடணும், அது அவங்க வழக்கம். அந்த அண்ணன் ஏறின பஸ் சூளகிரிகிட்ட நின்னுபோச்சு, ராகுகாலம் வேற நெருங்குது. அந்த நேரம் பார்த்து நான் தாம்பாளத்தோட போய் நிக்கறேன். நீ யாருப்பான்னாங்க. கம்பெனியிலேர்ந்து வரேன்மான்னேன். அவ்ளோதான், கம்பெனியே சீர் அனுப்பியிருக்குன்னு தெருவுக்கே சொல்லிட்டாங்க. நீயும் என் வயித்துல பொறக்காத புள்ளைதாம்பான்னு கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போய் லாவண்யா பக்கத்துல நிக்க வெச்சாங்க. கன்னத்துல சந்தனம், தலையில பன்னீர், யாரோ ஷங்கரோட சிநேகிதன் பளிச் பளிச்சுனு போட்டோ எடுக்கறான். என் கையால வளையலை எடுத்துக் கொடுத்தேன். போட்டாங்க. எனக்குக் கண் கலங்கிடுச்சு, எதுக்குன்னே தெரியலை.

சாப்பாட்டுல கலந்த சாதமே ஏழு வகை. அதைப் பத்தித் தனியா எழுதறேன். சாப்பிட்டு எழுந்ததும் கடமை ஞாபகம் வந்துது. லாவண்யாவைக் கூப்பிட்டு, பன்னீர்ல பாதி நனைஞ்ச பேப்பரை நீட்டினேன். அவ நின்னுக்கிட்டே முழுசாப் படிச்சா. திட்டுவான்னு நினைச்சேன். அழுவான்னு நினைச்சேன். ரெண்டும் இல்லை. வளையல் குலுங்கக் கையை நீட்டி என்கிட்ட பேனா கேட்டா.

"நீங்க கொண்டுவந்த வளையல் போட்ட கைண்ணா இது. இந்த வேலையை வெச்சுத்தான் வீட்டு வாடகை, இந்தப் புள்ளைக்குப் பால். அண்ணன் நீங்க சொல்லுங்க, கையெழுத்து போடறேன்."

மாமா, சத்தியமா சொல்றேன், இந்தப் பொண்ணு என்னை மடக்கறதுக்காகச் சொல்லலை. நான் சொன்னா நிஜமாவே போட்டிருப்பா. பேனாவைக் கொடுக்காம பாக்கெட்ல போட்டுக்கிட்டேன். "போடாதே. போடாத வரைக்கும் உன்னை யாரும் ஒண்ணும் பண்ண முடியாது"ன்னேன். எப்படின்னு கேட்டா. அதை மெதுவா அவகிட்ட மட்டும் சொல்லியிருக்கலாம் இல்லையா? எனக்கு உணர்ச்சி வந்துட்டா தொண்டை பெருசாயிடும்னு உங்களுக்குத் தெரியுமே. ஓஸ்வால்ட் சார்கிட்ட ஒப்பிச்ச அத்தனை சட்டத்தையும் ஷாமியானா முழுக்கக் கேக்கற மாதிரி ஒப்பிச்சுட்டேன். முந்தானையை இழுத்து மூடின பொண்ணுங்க மெதுவா முந்தானையை விட்டாங்க.

பஸ் ஏறின நிஜ அண்ணன் எல்லாம் முடிஞ்சப்புறம் வந்து சேர்ந்தான். தன் இடத்துல நின்னது யாருன்னு கோவப்பட்டான். புள்ளைக்கு ரெண்டு தாய்மாமன் இருந்தா என்ன கெட்டுப்போச்சுன்னு ரத்தினம்மாள் அவனை அடக்கி, பாகமும் பிரிச்சுட்டாங்க. முடி இறக்கறது அவன் மடியில, காது குத்தறது என் மடியில.

திங்கக்கிழமை காலையில ஆபீஸ் கதவைத் திறந்தா லாவண்யா நிக்கறா, பிரசவ லீவு எப்போலேர்ந்து வேணும்னு எழுதிக்கிட்டு. அவ பின்னாடி இன்னும் நாலு பொண்ணுங்க, அவங்களும் எழுதிக்கிட்டு. சாம்பார்மேல தப்பு இல்லைன்னு கேன்டீன்காரர் வந்து என் கையைக் குலுக்கிட்டுப் போறார். ஓஸ்வால்ட் சார் என் மேஜைமேல அஞ்சு பேப்பரைப் பார்த்துட்டு ராஜினாமா எங்கேன்னார். இல்லைன்னேன். அப்போ உன்னோடதை எழுதி எடுத்துட்டு வா, வெள்ளிக்கிழமைக்குள்ள, உன் கையெழுத்துதான் முத்து முத்தா இருக்குமேன்னு சொல்லிட்டுப் போயிட்டார். அந்த அஞ்சு பேப்பரும் அப்படியே கிடக்கு. நான் போயிட்டா அடுத்து வர்றவன் அதைக் குப்பையில போடுவான், அதுதான் கவலையா இருக்கு.

உங்க பேரைக் கெடுத்துட்டேன், தெரியும். ஆனா எனக்குக் காது குத்தறப்போ உங்க மடியில உக்காந்து, உங்க கட்டைவிரலை ரத்தம் வரக் கடிச்சவன் நான். அப்பவும் நீங்க என்னைக் கீழே இறக்கிவிடலைன்னு அம்மா சொல்வா. தாய்மாமன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியும். அதனாலதான் அப்பாவுக்கு எழுதாம உங்களுக்கு எழுதறேன்.

அத்தைக்கு என் நமஸ்காரங்கள். தாங்கள் மாத்திரையைத் தவறாமல் சாப்பிடவும், மைசூர்பாகைத் தவறியும் தொட வேண்டாம். வேலை விஷயத்தை மறக்க வேண்டாம். தங்கள் ஆசியே எனக்குத் துணை.

தங்கள் பணிவுள்ள,
பாலகுமார்

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் சேர்ப்பதற்குள் இன்று காலை ஒன்று நடந்துவிட்டது. ஃபாரின் பையர் கம்பெனியிலிருந்து ஓர் அம்மா சோதனைக்கு வந்தார். கர்ப்பமான பெண்களை வேலையை விட்டு அனுப்புகிறீர்களா என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. ஓஸ்வால்ட் சாருக்கு வியர்த்துவிட்டது. என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் லாவண்யா கொடுத்த வளைகாப்பு போட்டோ இருந்தது. சார் அதை உருவி அந்த அம்மா கையில் கொடுத்து, எங்கள் கம்பெனி வழக்கமே இதுதான், ஒவ்வொரு பெண்ணுக்கும் ஆபீசரே அண்ணனாகச் சீர் எடுத்துப் போவார் என்று கூசாமல் சொல்லிவிட்டார். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆர்டரை இரண்டு மடங்காக்கிவிட்டார். அஞ்சு பேப்பரிலும் சார் கையெழுத்து விழுந்தது, லீவு முடிந்து திரும்பி வரும்போது அதே மிஷின் என்பது உட்பட. என் ராஜினாமா வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். போட்டோ இப்போது ரிசப்ஷனில் பிரேம் போட்டுத் தொங்குகிறது.

ஆகவே வேறு வேலை தேட வேண்டாம். நான் இங்கேதான் இருக்கிறேன், இருந்தே ஆக வேண்டும். அடுத்த வளைகாப்பு வருகிற ஞாயிறு, பூக்காரம்மா தாம்பாளத்தை நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டார். தாங்கள் ஒன்று மட்டும் மறுதபாலில் எழுதவும். காது குத்தும்போது பிள்ளை கட்டைவிரலைக் கடித்தால், இறக்கிவிடாமல் எப்படிப் பிடித்துக்கொள்வது?