சாவிக்குக் கவசம்

இது நடந்தது ஆடியிலா ஆவணியிலா என்று கேட்டால் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. எலுமிச்சை விலை ஏறிக்கிடந்தது நினைவிருக்கிறது. அது சாவிச் சித்தர் என்பவரின் பூஜைகளால் ஏறியதா, மழை இல்லாமல் ஏறியதா என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. சந்தேகமே இல்லாதவர்கள் செம்பரம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில், இரண்டு கிடங்குகளுக்கு நடுவே காலியாகக் கிடந்த மனையில் வரிசையாக நின்றார்கள்.

வரிசையில் வண்டிகளும் நின்றன. எல்லாம் ஸ்டார்ட் ஆகாத பழைய வண்டிகள். அம்பத்தூரிலிருந்தும் ஆவடியிலிருந்தும் ஐயப்பன்தாங்கலிலிருந்தும் கயிறு கட்டி இழுத்து வரப்பட்டவை. தெருமுனை மெக்கானிக் வரை தள்ளச் சலித்துக்கொண்டவர்கள் சித்தர் வரை பதினைந்து கிலோமீட்டர் இழுத்து வந்தார்கள். பக்தி என்றால் சும்மாவா?

சித்தர் பானெட்டைத் திறந்து பேட்டரிக்கு வெந்நீர் அபிஷேகம் செய்வார். முனைகளில் பச்சையாகப் பூத்திருந்த களிம்பு கரைந்து ஓடும். தோஷம் இறங்குகிறது என்பார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். பிறகு மந்திரம் சொல்லியபடி பேட்டரிக் கிளிப்பை ஒரு திருகு திருகுவார்; வண்டி உறுமும். மந்திரம் இல்லாமல் இதையே செய்யும் கடைகள் பாடி மேம்பாலத்துக்குக் கீழே வரிசையாக இருக்கின்றன. அங்கே யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்வதில்லை. பில்லைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வதோடு சரி.

அபிஷேகம் முடிந்ததும் கவசம். சாவியின் தலையைச் செப்புத் தகட்டால் சுற்றி, மேலே நூல் கட்டித் தருவார். இந்துவுக்கு மஞ்சள் நூல், முஸ்லிமுக்குப் பச்சை, கிறிஸ்தவருக்கு வெள்ளை. தகடு மட்டும் எல்லோருக்கும் ஒன்று. அந்த வட்டாரத்தில் மதபேதம் பார்க்காத ஒரே பொருள் அந்தத் தகடுதான். எல்லோரையும் சமமாகவே கெடுத்தது.

பூங்காவனம் அங்கே போய்ச் சேர்ந்ததும் இப்படித்தான். திருமுல்லைவாயில்காரி, நாற்பத்தாறு வயது. பழைய கார் ஒன்றுதான் அவளுக்குப் பிழைப்பு. செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் சிறுநீரகம் பழுதான மூன்று பேரை டயாலிசிஸுக்காக ஆவடி மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துப்போய்க் கொண்டுவந்து விடுவாள். அவர்களுக்கு ஒரு நாள் தவறினால் கால் வீங்கும், இன்னொரு நாள் தவறினால் மூச்சு முட்டும். அதனால்தான் ஒரு காலையில் வண்டி ‘கடக்’ என்று மட்டும் சொல்லி நின்றபோது யார் எதைச் சொன்னாலும் கேட்கத் தயாராக இருந்தாள். யாரோ சித்தரைச் சொன்னார்கள். வெந்நீரில் வண்டி பிழைத்தது. மஞ்சள் நூல் கவசத்தோடு திரும்பினாள்.

பத்தே நாளில் புது நோய் வந்தது. இஞ்சின் சுற்றுகிறது, பற்றிக்கொள்ளவில்லை. முன்னால், மீட்டருக்குக் கீழே, ஒரு சிவப்பு விளக்கு விடாமல் சிமிட்டுகிறது. ஒரு நாள் கிளம்புகிறது, மறுநாள் இல்லை. சித்தரிடம் ஓடினாள். அவர் விளக்கை உற்றுப் பார்த்தார்.

"உள்ள யாரோ குந்திகினு கண்ணடிக்கிறாங்கம்மா."

எல்லோரையும் கிழக்கே திரும்பி நிற்கச் சொன்னார். சாவியைப் பட்டுத் துண்டுக்குள் வாங்கிக்கொண்டு வண்டிக்குள் ஏறினார். வண்டி கிளம்பியது, கண் மூடிக்கொண்டது. புதுக் கவசம் கட்டினார். அடுத்த வாரம் கண் மறுபடி திறந்தது.

மூன்றாம் முறை போனபோது சித்தரின் முகம் கறுத்தது. இது தீராத கண்ணாம். வெள்ளிக்கிழமைக்குள் வண்டி கை மாறியாக வேண்டுமாம். இல்லையென்றால், என்று பின்சீட்டைக் காட்டினார், அங்கே உட்காருகிற உயிர் ஒன்று போகும். பக்கத்திலேயே நாகேந்திரன் நின்றிருந்தான். தீராத கண்ணுள்ள வண்டிகளைத் தன் தலைமேல் வாங்கிக்கொள்ளும் தியாகி. பழைய இரும்பு விலைக்கு. தியாகத்துக்கு வசதியாக விற்பனைப் படிவத்தைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தான்.

வண்டி போகிறதே என்று பூங்காவனத்துக்கு அழுகை வந்தது. பின்சீட்டை நினைத்தபோது அழுகைகூட வரவில்லை.

அந்தப் பின்சீட்டில் உட்காருகிறவர்களில் ஒருவர் அஷ்ரஃபுன்னிசா. கணவர் நிஜாமுதீனோடு சேர்ந்து பூந்தமல்லியில் இருபது வருடம் சாவிக்கடை நடத்தியவர். எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடும் அவர் வாய்க்குப் பயந்துதான் பூங்காவனம் சித்தர் கதையை அவரிடம் சொல்லாமல், சாவியையும் கைக்குள்ளேயே மறைத்து வைத்திருந்தாள்.

வியாழக்கிழமை மதியம், டயாலிசிஸ் முடிந்து, மருத்துவமனை வாசலில் வண்டி கிளம்பவில்லை. சிவப்புக் கண் சிமிட்டியது. மற்ற இருவரும் ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்கள். பூங்காவனம் திரும்பிப் பார்க்காமலே பேசினாள்.

"அக்கா, சனிக்கெழம வேற வண்டி பாத்துக்கோங்க."

"ஏன், உனுக்கு இன்னா ஆச்சு?"

"எனுக்கு ஒன்னும் இல்லக்கா. உங்களுக்குத்தான் ஆயிடும்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். அஷ்ரஃபுன்னிசா ஊசி குத்திய இடத்தைப் பஞ்சால் அழுத்திக்கொண்டே கேட்டார். அப்புறம் சாவிக்காகக் கையை நீட்டினார். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு இன்னாத்துக்குமே கவசம்? சண்டைக்கா போவுது?"

நகத்தால் நூலைப் பிரித்துத் தகட்டை உருவினார்.

"இந்த மண்டைக்குள்ள அரிசி மாதிரி ஒரு சில்லு கீது. நீ யாருன்னு வண்டி கேக்கும், அது பேரு சொல்லும். சரியான பேருன்னாத்தான் இஞ்சின் ஓடும். திருடன் எடுத்துகினு போவாம இருக்க வெச்சது. நீ அது வாயில தகட்ட அடச்சிட்டு, வண்டிமேல பேய் கீதுன்ற."

பூங்காவனம் வெறும் சாவியைப் போட்டுத் திருப்பினாள். கண் மூடியது. வண்டி ஓடியது. அவள் முகத்தில் வெளிச்சம் வந்ததே தவிர, தெளிவு வரவில்லை.

"நீங்க ஏதோ ஓதினீங்கக்கா. உதடு அசைஞ்சிது."

"கொட்டாவி உட்டேன்மே."

கவசத்தை மாட்டிப் பார்த்தாள், கண் திறந்தது. கழற்றினாள், மூடியது. மூன்று தடவை செய்து பார்த்தாள். பட்டுத் துண்டுக்குள் சித்தர் கழற்றியதும் இதைத்தான். தகடு கொஞ்சம் நழுவியிருந்தால் சில்லின் பேச்சு வெளியே கேட்கிறது, இறுக்கினால் கேட்கவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தினமும் குளித்துவிட்டுப் பயபக்தியோடு நூலை இறுக்கிக் கட்டியவள் அவள்தான். பக்தி குறைந்த நாட்களில் மட்டும் வண்டி ஒழுங்காக ஓடியிருக்கிறது.

வீட்டு வாசலில் அஷ்ரஃபுன்னிசாவை இறக்கிவிடும்போது ஒன்றே ஒன்று கேட்டாள்.

"சித்தரும் ஒரு வெள்ள காரு வெச்சிகீறாருக்கா. அவரு சாவி இடுப்புலதான் தொங்கும். அதுல ஒரு பிளாஸ்டிக் வாத்து கீது. கவசம் இல்லியே, ஏன்?"

"நாளைக்கு அவரையே கேளு," என்றார் அஷ்ரஃபுன்னிசா. "நானும் வரேன். எந்த உசுரு போவுதுன்னு பாத்துடலாம்."

வெள்ளிக்கிழமை மனையில் கால் வைக்க இடமில்லை. நாகேந்திரன் படிவத்தை நீட்டினான். பூங்காவனம் பேனாவை வாங்கிக்கொண்டு, கூட்டத்துக்குக் கேட்கும்படி, பணிவாக ஒரு வேண்டுதலைச் சொன்னாள். எல்லோருடைய சாவிக்கும் கவசம் கட்டிய சாமியின் சாவி மட்டும் அம்மணமாகத் தொங்குகிறது, தனக்கு மனசு தாங்கவில்லை. தன் கவசத்தையே அதற்குக் கட்டிவிட வேண்டும். சாமி அந்தக் கவசத்தோடு தன் வண்டியை ஒரு முறை கிளப்பிக் காட்டினால் உடனே கையெழுத்துப் போட்டுவிடுவாள்.

கூட்டம் உருகியது. சித்தர் உருகவில்லை. சித்தனுக்கு ஈசனே கவசம் என்றார்.

அவரைக் கவிழ்த்தது நாகேந்திரன்தான். மோசடியில் அவன் பங்காளி, ரகசியத்தில் இல்லை. தீராத கண்ணைச் சித்தர் தனியாக உட்கார்ந்து அடக்கித் தருகிறார் என்று அவனும் மனமார நம்பிக்கொண்டிருந்தான்.

"கட்டிக்கோங்க சாமி. அக்கா ஆசையா கேக்குது. நானே எங்கிட்ட கீற நாலு சாவிக்கும் கட்டிகீறேன்."

சித்தர் அவனை ஒரு பார்வை பார்த்தார். அவனுக்கு அது ஆசீர்வாதமாகப் பட்டது.

கூட்டத்துக்கு முன்னால் மறுக்க முடியாமல் சித்தர் இடுப்புச் சாவியை அவிழ்த்துக் கொடுத்தார். பூங்காவனம் வாத்தை விலக்கி, தகட்டைச் சுற்றி, பழகிய கையால் நூலை இறுக்கினாள். சித்தர் பட்டுத் துண்டை எடுத்து எல்லோரையும் கிழக்கே திரும்பச் சொன்னார்.

"இன்னிக்கு இப்டியே பாத்துகினு நிக்கணும்னு வேண்டுதல் சாமி," என்றாள். சாவியை அவளே வெள்ளைக் காரின் துவாரத்தில் நுழைத்து, அதிலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றாள். "திருப்புங்க."

திருப்பினார். இஞ்சின் சுற்றியது, பற்றவில்லை. இன்னொரு முறை. நெற்றியில் திருநீறு வியர்வையில் கரைந்தது. முன்னால் சிவப்புக் கண் விடாமல் சிமிட்டியது. பக்கத்தில் நின்ற பூங்காவனத்தின் காரின் பின்சீட்டிலிருந்து அஷ்ரஃபுன்னிசாவின் குரல் வந்தது.

"சாமி, உங்களப் பாத்து யாரோ கண்ணடிக்கிறாங்க போல கீது."

அப்போதும் ஒரு அம்மாள், ஐயோ, சாமியையே பேய் பிடித்துவிட்டதே என்று கூவி, எலுமிச்சம்பழத்தோடு சித்தரைச் சுற்ற ஓடிவந்தாள். பூங்காவனம் அவளைத் தடுத்து, எல்லோர் கண்ணுக்கு முன்னாலும் தகட்டை உருவிவிட்டுச் சாவியைத் திருப்பினாள். வெள்ளைக் கார் உடனே கிளம்பியது.

முதலில் ஒருவன் தன் சாவியிலிருந்த பச்சை நூலை அறுத்தான். பின்னால் ஒரு வெள்ளை நூல் அறுந்தது, அதற்குப் பின்னால் நாலைந்து மஞ்சள். மனையின் ஒரு மூலையில் இஞ்சின் ஒன்று உறுமியது. அப்புறம் இன்னொன்று. ஒவ்வொன்றாக, வாயடைத்துக் கிடந்த வண்டிகள் பேச ஆரம்பித்தன. அந்தச் சத்தத்துக்குள் சித்தர் என்ன சொன்னார் என்று யாருக்கும் கேட்கவில்லை.

சித்தர் அன்றே ஊரைவிட்டுப் போனார். சித்தராகும் முன் பாடியில் சீட் கவர் விற்றுக்கொண்டிருந்தவர். இப்போது காஞ்சிபுரம் பக்கம் செல்போன் தோஷம் பார்க்கிறாராம். நாகேந்திரன் வாங்கி வைத்திருந்த நாலு கார்களும் சொந்தக்காரர்களிடம் திரும்பப் போயின. நாலும் ஓடுகின்றன. மனையில் இப்போது ஒரு கிடங்கு நிற்கிறது. பூங்காவனம் அதே பழைய காரை, வெறும் சாவியோடு ஓட்டுகிறாள். மாதம் ஒரு முறை பேட்டரி முனையைத் தானே வெந்நீர் ஊற்றிக் கழுவுகிறாள். மந்திரம் தெரியாததால் சும்மாவே கழுவுகிறாள்.

அஷ்ரஃபுன்னிசா மறு வருடம் பங்குனியில் காலமானார். மருத்துவமனைக் கட்டிலில், சிறுநீரகக் கோளாறால். அடக்கத்துக்குப் போய்த் திரும்பிய பூங்காவனத்திடம் பக்கத்து வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார்: "சித்தர் அன்னிக்கே சொன்னாரு பாத்தியா."

அவள் வெறும் சாவியைப் போட்டு வண்டியைக் கிளப்பினாள். சாவியின் தலைக்குள் இருப்பது அரிசி அளவு சில்லு. அதை வைத்து ஒரு பழைய கார்கூடத் தன் ஆளை அடையாளம் கண்டுகொள்கிறது. நம் தலைக்குள் இருப்பது அதைவிடக் கொஞ்சம் பெரியது. அதன்மேல் சுற்றியிருக்கும் தகட்டை அவரவர் கையால்தான் உருவ வேண்டும்.