ஓட்டைக்காரரின் பந்தயக் கார்

திருச்சியில் கனமான எந்தப் பொருளும் ஓட்டைக்காரரின் கண்ணில் பட்டுவிட்டு முழுசாகத் தப்பியதில்லை.

எடமலைப்பட்டி புதூரில் ஒரு தகரக் கொட்டகையில் அவர் பந்தயக் கார் கட்டினார். பாகங்களை வாங்கிப் பூட்டிய கார் அல்ல. படம் வரைந்து, குழாயை வளைத்து, பற்றவைத்து, தானே உண்டாக்கிய கார். எங்கள் பக்கத்தில் அதற்கு முன் யாரும் அப்படிச் செய்ததாக, நான் தேடிய வரையில், தகவல் இல்லை.

எடை குறைந்தால்தான் வேகம் என்பது அவர் கொள்கை. பலம் தேவைப்படாத இடத்திலெல்லாம் துளை போட்டார். பிரேக் மிதியில் துளை, கியர் தடியில் துளை, இருக்கையில் துளை. காரில் இடம் தீர்ந்த பிறகும் கை சும்மா இருக்கவில்லை. தன் செருப்பில், கொட்டகைச் சாவியில், வீட்டுத் தோசைத்திருப்பியில் எல்லாம் போட்டார். அவர் மனைவி பொறுத்துக்கொண்டு ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்: "குழம்புக் கரண்டிய மட்டும் விட்டுடுங்க."

காரை ஓட்டப்போவது மனைவியின் தம்பி பாலு. ஓட்டத் தெரியும் என்பது அவனுடைய இரண்டாவது தகுதி. அந்த வட்டாரத்திலேயே ஒல்லி என்பது முதல் தகுதி. அவனுக்குத் துளை போட முடியாததால் இரவுச் சாப்பாட்டை நிறுத்தினார். ஒருநாள் அவன் மீசையை யோசனையோடு பார்த்தார். மறுநாள் பாலு கொட்டகைக்கு வரவில்லை.

காரை எடை பார்க்க அவரும் பாலுவும், இதையெல்லாம் குறித்துவைத்துவந்த நானும் மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைக்குப் போனோம். வெள்ளிக்கிழமை என்பான் பாலு. சனிக்கிழமைதான், ஸ்ரீரங்கத்தில் நான் பஸ் ஏறிய டிக்கெட் இன்னும் இருக்கிறது. நெல் லாரிகளுக்கான எடைமேடை அது. கார் மேடைமேல்தான் நின்றது. உள்ளே இருந்தவர் எண்ணைப் பார்த்துவிட்டு, தலையைத் தூக்காமலே, "வண்டிய ஏத்துங்க, பாக்கலாம்" என்றார்.

"ஏத்தியாச்சுங்க" என்றார் ஓட்டைக்காரர். அவ்வளவு பெருமையாக அவர் வேறெதையும் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்தப் பெருமைதான் வினையானது. சென்னைக்கு அருகே, அந்த ஆண்டின் கடைசிப் பந்தயம். இதில் கார் ஓடாமல் திரும்பினால் கொட்டகையைக் காலி செய்துவிடுவதாக மனைவியிடம் வாக்குக் கொடுத்திருந்தார். சோதனை அதிகாரி காரையும் பாலுவையும் சேர்த்து எடை போட்டார். விதிப்படி இருக்கவேண்டிய குறைந்தபட்ச எடைகூட இல்லை. இப்படியே ஓட விட முடியாது என்றார். மற்ற அணிக்காரர்கள் சிரித்தார்கள். சாவியிலும் துளை போட்ட மனிதர் காருக்கு எடை சேர்ப்பதா? அழுதுவிடுவார் என்றே நினைத்தேன்.

அவர் முகம் மலர்ந்தது.

"கொறைச்சது நாம. அப்ப திருப்பி வைக்கிற எடமும் நம்ம இஷ்டம்தானே?" என்றார். பிறகு பாலுவிடம், "மாப்ள, நீ போயி நல்லா சாப்புட்டு வா."

பாலு வயிறு முட்டத் தின்றுவிட்டு வருவதற்குள், மீதிக் குறைக்கு இரும்புத் தகடுகளை இருக்கைக்கு அடியில், தரையை ஒட்டி, போல்ட் போட்டு இறுக்கியிருந்தார். மற்ற கார்களில் எடை எங்கே அமைந்ததோ அங்கே கிடந்தது. இந்தக் காரில் மட்டும் அவர் வைத்த இடத்தில் இருந்தது. அதிகாரி மறுபடி எடை போட்டுத் தலையசைத்தார்.

நேர்ச்சாலையில் பெரிய எஞ்சின்கள் முந்தின. வளைவுகளில் அவை அகன்று தடுமாற, எடை அடியில் இருந்ததால் எங்கள் கார் தரையை விடாமல் திரும்பியது. சிரித்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

மூன்றாம் இடம். அதைக்கூட மாலையில் பாலுவிடம் கேட்டுத்தான் குறித்துக்கொண்டேன். கடைசிச் சுற்றில் ஓட்டைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு, காரின் சத்தத்தை மட்டும் கேட்டபடி நின்றார். நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.