என் காதில் ஓடும் எஞ்சின்

அன்புள்ள மைத்துனருக்கு,

தங்கள் அக்காள் கணவன் எழுதுவது. நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. தாங்களும் தங்கள் மருந்துக்கடையும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள், உங்களுக்கென்ன குறை!

பித்தப்பையில் கல் என்றதும், "சின்ன ஆபரேஷன்தான் அத்தான், படுத்து எந்திரிச்சா முடிஞ்சிரும்" என்று ஆஸ்பத்திரியில் தள்ளிவிட்டது தாங்கள். கல் போயிற்று, மறுக்கவில்லை. ஆனால் ஆபரேஷனின்போதும் பிறகும் நரம்பில் ஏற்றினார்களே ஓர் ஆன்டிபயாடிக், அது கிருமியோடு சேர்த்து என் காதையும் பதம் பார்த்துவிட்டது. வீடு திரும்பியதிலிருந்து 'ஙொய்'யென்று ஒரே இரைச்சல். அது காதுக்குள் என்று எனக்கெப்படித் தெரியும்? சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்லும் மெக்கானிக் நான். ஆயில் மாற்ற வந்த பள்ளி வேனில் பேரிங் போய்விட்டது என்று எஞ்சினைப் பிரித்துப் போட்டேன். ஒன்றுமில்லை. அடுத்து பேக்கரிக்காரர் வண்டி. அதே சத்தம், அதிலும் ஒன்றுமில்லை. கடைசியில் காரோடு வந்து நின்ற ஓர் அம்மாவிடம், "முதல்ல எஞ்சினை ஆஃப் பண்ணுங்க" என்று கத்தினேன். "ஸ்டார்ட் ஆகலன்னுதானே தள்ளிட்டு வந்திருக்கோம்" என்றார். பட்டறையே சிரித்தது. என் மானம் கப்பலேறியது.

டாக்டரிடம் நியாயம் கேட்டால், "உள்ள சீழ் பிடிச்சிருந்தது. அந்த மருந்து இல்லன்னா உயிருக்கே ஆபத்து. சில பேருக்குக் காதைப் பாதிக்கும்" என்கிறார். அதை ஊசி போடுமுன் சொன்னால் வாய் வலிக்குமா? சர்க்கரை உண்டா, சிகரெட் உண்டா என்று துருவித் துருவிக் கேட்டவர்கள், "எதை வச்சுப் பொழைக்கிறீங்க" என்று கேட்டார்களா? மருந்துக்கடை வைத்திருக்கிறாயே, நீயாவது வாயைத் திறந்தாயா? திறந்தாய், எனக்கென்று வாங்கி வந்த ஆரஞ்சை உரித்து நீயே தின்ன! இனி என் வாசற்படியை மிதிக்காதே. ஆஸ்பத்திரி என்ற பேச்சே இந்த வீட்டில் கூடாது.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். உன் மனைவியை விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
பித்தப்பையும் பிழைப்பும் போன உன் அத்தான்.

பி.கு.: உறையை ஒட்டப் போகையில் உன் அக்கா எதிரில் நின்று ஏதோ சொன்னாள். வாய் அசைந்தது, பாதிதான் காதில் விழுந்தது. திட்டுகிறாளா, சாப்பிடக் கூப்பிடுகிறாளா என்று புரியாமல் பொதுவாகத் தலையாட்டினேன். அவள் அழுதுவிட்டாள். எனக்குப் பயமாக இருக்கிறது, மாப்பிள்ளை. நல்ல காது டாக்டராகப் பார்த்துவிட்டு உடனே புறப்பட்டு வா. எந்த ஆஸ்பத்திரி என்றாலும் வருகிறேன்.