பரிசீலனையில் நாலு பிளக்

அவசரப்பட்டு முடிவெடுத்துக் கெட்டவங்க உலகத்துல கோடிப் பேர். முடிவே எடுக்காம உயர்ந்தவர் ஒருத்தர்தான். அவர் சிக்னல் விளக்குப் பிரிவோட சூப்பிரண்டு. ஆபீஸ்ல அவருக்குப் பேரு 'பரிசீலனை'.

அவர் கார் கொஞ்ச நாளா முக்கி முனகிட்டு இருந்துச்சு. மெக்கானிக் பார்த்துட்டு, "ஸ்பார்க் பிளக் போச்சு சார், நாலையும் மாத்திருங்க"ன்னார்.

சாதாரண ஆளா இருந்தா மாத்தியிருப்பாங்க. ஆனா வியாழக்கிழமை மனைவிக்கு டிரைவிங் டெஸ்ட், இதே கார்ல. ஏற்கெனவே ரெண்டு தடவை தள்ளிப்போனது. இதையும் விட்டா மறுபடி முதல்லேருந்து விண்ணப்பம் எழுதிப் போடணும். விஷயம் இவ்வளவு கனமானதால பரிசீலனை 'உயர்மட்டக் குழு' ஒண்ணு போட்டார். நாலு பிளக்கையும் கழட்டி, கைக்குட்டைல முடிஞ்சு, ஆபீசுக்கே கொண்டு போனார்.

"இரிடியம் பிளக் ரொம்ப நாள் உழைக்குமாம்"னாங்க டைப்பிஸ்ட்டம்மா.

"இந்த ஆபீஸ்ல அது மட்டும் ஏம்மா உழைக்கணும்?"னார் ஸ்டோர் கீப்பர். "பிளாட்டினம் பாப்போம்."

"காப்பருக்கு என்ன குறைச்சல்?"னார் கிளார்க்.

"பிளக் முனைல இடைவெளி எவ்வளவு இருக்கணும்?"னாங்க டைப்பிஸ்ட்டம்மா.

"அதுக்கு ஒரு துணைக்குழு போட்டுரலாம்"னார் பரிசீலனை.

அப்புறம் ஆபீஸ் வழக்கப்படி, 'நேரடி ஆய்வுக்காக' ஆளுக்கொரு பிளக்கை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க.

புதன்கிழமை சாயங்காலம் மனைவி பானட்டைத் திறந்தா உள்ள நாலு ஓட்டை.

"ஏங்க, பிளக் எங்க?"

"பரிசீலனைல இருக்கும்மா."

"டெஸ்ட் நாளைக்கு."

"அப்படியா? இடைக்கால அறிக்கை திங்கக்கிழமைதான் வருது."

அவங்க நேரா உதிரிபாகக் கடைக்குப் போனாங்க. கடைக்காரர் வண்டி மாடலைக் கேட்டார், புத்தகத்துல விரலை ஓட்டினார், நாலு பிளக்கை எடுத்து வெச்சார். மெக்கானிக் வந்து மாட்டினார். எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரம். இந்த முறைகேட்டைப் பரிசீலனை தன் வீட்டு வாசல்ல, பச்சை விளக்கு வெளிச்சத்துல நின்னு, கனத்த மனசோட பாத்துட்டு இருந்தார்.

மறுநாள் கார் பூ மாதிரி கிளம்புச்சு. முன்சீட்ல டெஸ்ட் எடுக்குற இன்ஸ்பெக்டர், பின்சீட்ல பரிசீலனை. நாலு ரோடு சேர்ற இடத்துல சிக்னல் எரியல. நாலு பக்கமும் ஹாரன். மனைவி பதறாம நிறுத்தி, வழி விட்டு, நிதானமாத் தாண்டினாங்க.

"இது எத்தனை நாளாம்மா எரியல?"ன்னார் இன்ஸ்பெக்டர்.

"ரெண்டு வருஷமா சார்."

"விளக்கு மாத்த மாட்டாங்களா?"

"எந்த விளக்கு போடலாம்னு ஒரு குழு பாத்துட்டு இருக்கு சார்."

"யாரு அந்தக் குழுவுக்குத் தலைவர்?"

மனைவி பின்பக்கம் பாக்குற கண்ணாடியை லேசா இன்ஸ்பெக்டர் பக்கம் திருப்பினாங்க. இன்ஸ்பெக்டர் பின்சீட்டைப் பாத்தார். பரிசீலனை ஜன்னல் வழியா மரத்தைப் பாத்தார்.

"கண்ணாடியை நல்லாப் பயன்படுத்துறீங்க"ன்னு சொல்லி இன்ஸ்பெக்டர் 'பாஸ்' போட்டார். "ஆமா, பழைய விளக்கெல்லாம் என்ன ஆச்சு?"

"ஆய்வுல இருக்கு சார். சிவப்பு டைப்பிஸ்ட்டம்மா வீட்ல, மஞ்சள் ஸ்டோர் கீப்பர் வீட்ல. பச்சை எங்க வாசல்ல நல்லாவே எரியுது."